சண்டை ஒன்று, சொல் இருபது: ஃபைட், ஸ்ட்ரகிள், ஆர்கியூ குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர்கள், அதாவது ஆர்டரைக் கவனித்துக்கொள்கிறவர்கள். மீதி பாலிடெக்னிக் பையன்கள், வேலை தேடும் பெண்கள், மகன் வெளிநாட்டில் இருக்கும் ஒன்றிரண்டு பெரியவர்கள். சண்டை என்று வந்துவிட்டால் எல்லாருக்கும் ஒரே குழப்பம், ஒரே கேள்விகள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன்.

எல்லாத்துக்கும் 'ஃபைட்'னே சொல்லிட்டுப் போனா என்னங்க தப்பு?

தப்பில்லை, ஆனால் ஆள் பயந்துபோவான். வகுப்புக்கு வந்த ஒரு மெர்ச்சண்டைசர் தம்பியின் கதை இது. டீ-ஷர்ட் ஆர்டர் ஒன்றில் நெஞ்சளவு அரை இன்ச் கூட இருக்கிறது என்று பையரின், அதாவது சரக்கு வாங்குகிறவரின், குவாலிட்டி ஆள் (க்யூசி) சரக்கை நிறுத்திவிட்டார். துணி துவைத்தால் அந்த அரை இன்ச் இறங்கிவிடும் என்று இவர் சொல்ல, அளவு அளவுதான் என்று அவர் சொல்ல, மூன்று நாள் இழுபறி. தம்பி வெளிநாட்டு பையருக்கு மெயில் தட்டினார்: "வீ ஆர் ஃபைட்டிங் வித் யுவர் க்யூசி சின்ஸ் த்ரீ டேஸ்."

அன்று ராத்திரியே போன் வந்தது. ஃபேக்டரியில் யாருக்காவது அடிபட்டதா, எங்கள் ஆள் பத்திரமாக இருக்கிறாரா என்று கேட்டார்களாம். "சண்ட போட்டுட்டு இருக்கறமுன்னுதானுங்க சார் எழுதுனேன்" என்றார் தம்பி, முகம் தொங்கிப்போய்.

தமிழில் 'சண்டை' என்பது வாய்க்கும் பொருந்தும், கைக்கும் பொருந்தும். ஆங்கிலத்திலும் புருஷன் பெண்டாட்டிக்குள், அண்ணன் தங்கைக்குள் 'ஃபைட்' என்றால் வாய்ச்சண்டையாக இருக்கலாம். ஆனால் அலுவலகக் கடிதத்தில் அந்தச் சொல் வந்தால் சட்டைக் கையை மடித்துவிட்ட மாதிரி இருக்கும். அவர் எழுதியிருக்க வேண்டியது: "வீ ஹேவ் பீன் டிஸ்கஸிங் திஸ் வித் யுவர் க்யூசி ஃபார் த்ரீ டேஸ்." காரம் வேண்டுமென்றால், "வீ டு நாட் அக்ரீ வித் த மெஷர்மெண்ட்." இதற்கு மேல் காரம் வியாபாரத்துக்கு ஆகாது. அந்த 'சின்ஸ்' தப்பு என்பதையும் கவனித்திருப்பீர்கள். எத்தனை நாளாக என்று சொல்ல 'ஃபார்', எந்தக் கிழமையிலிருந்து என்று சொல்ல 'சின்ஸ்'.

அப்படின்னா எந்தச் சொல்லை எங்கே போடறது?

பட்டியலாகக் கொடுத்தால் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அதனால் நான் ஒரு பங்குக் கிணற்றுக் கதையைத்தான் சொல்வேன். நம் பக்கத்தில் இந்தக் கதை தெரியாத வீடு கிடையாது.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே கிணறு. நாலு நாள் அண்ணன் மோட்டார், நாலு நாள் தம்பி மோட்டார். ஐந்தாம் நாள் காலையில் தம்பி வந்து பார்த்தால் அண்ணன் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. "மொறை நம்முளுதுங்ளே" என்கிறார் தம்பி. "முந்தாநேத்து கரண்டு இல்லாத நேரத்தைக் கழிக்கோணுமல்ல?" என்கிறார் அண்ணன். இதுவரைக்கும் 'டிஸ்அக்ரீ'. கருத்து ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

எத்தனை மணிநேரம் கரண்டு போனது, டிராக்டர் வந்த அன்றைக்கு யார் விட்டுக்கொடுத்தார்கள் என்று ஆளுக்கொரு கணக்கை எடுத்து வைக்கிறார்கள். குரல் கொஞ்சம் ஏறினாலும் பேச்சில் நியாயம் காட்டும் முயற்சி இருக்கிறது. இது 'ஆர்கியூ'. கணக்கு தீர்ந்துபோய், "உங்க கல்யாணத்துக்கு நாந்தான சீர் செஞ்சேன்" என்று பழைய மூட்டையை அவிழ்த்துவிட்டால் 'குவாரல்'. இதில் கிணறு மறந்துபோகும், கோபம் மட்டும் நிற்கும். இந்த இரண்டு சொல்லுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரிந்து இதுதான்: ஆர்கியூ செய்கிறவனிடம் காரணம் இருக்கும், குவாரல் செய்கிறவனிடம் காயம் இருக்கும்.

இரண்டு வீட்டுப் பெண்களும் அதே நேரத்தில் வேலி ஓரமாகக் கோழி மேய்ந்தது, குப்பை பறந்தது என்று தினப்படி கசகசவென்று பேசிக்கொண்டால் 'பிக்கர்'. குழந்தைகள் ஊஞ்சலுக்கு அடித்துக்கொண்டால் 'ஸ்குவாபிள்'. இரண்டுமே சில்லறைச் சண்டை. பெரிய மனிதர்களைப் பார்த்து இந்தச் சொற்களைச் சொன்னால் கொஞ்சம் இளக்காரம் தொனிக்கும்.

தம்பி போய் ஸ்டார்ட்டரை அமுக்கப் பார்க்கிறார், அண்ணன் தோளைப் பிடித்துத் தள்ளுகிறார், துண்டு கீழே விழுகிறது, யாரோ வந்து விலக்குகிறார்கள். பேப்பரில் கைகலப்பு என்று போடுவார்களே, அந்த 'ஸ்கஃபிள்' இதுதான். விலக்க வந்தவர்களும் சேர்ந்து ஊரே கட்டிப்புரண்டால் 'ப்ரால்', அதாவது அடிதடி. யாராவது மண்வெட்டியைத் தூக்கிவிட்டால் 'ஃபைட்' என்று தாராளமாகச் சொல்லலாம், அதற்குமுன் தாராளம் வேண்டாம்.

கடைசியில் தாலுக்கா ஆபீஸ், சர்வேயர், வக்கீல் என்று காகிதத்துக்குப் போனால் 'டிஸ்பியூட்'. சட்டையில் மண் ஒட்டாத சண்டை இது, ஆனால் வருஷக்கணக்கில் ஓடும். 1990-இல் காவிரிக்காக அமைத்த நடுவர் மன்றத்தின் ஆங்கிலப் பெயரிலேயே இந்தச் சொல் இருக்கிறது. இறுதித் தீர்ப்பு வர 2007 ஆயிற்று, உச்ச நீதிமன்றத்தில் முடிய 2018 ஆயிற்று. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோனதற்கு 'ஃபால் அவுட்': "தே ஃபெல் அவுட் ஓவர் எ வெல்." கேட்டால் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இருக்கும். வகுப்பில் இந்த வாக்கியத்துக்குச் சிரிக்காதவர்கள் இல்லை.

'ஃபைட் வித்' என்றால் எதிர்த்தா, சேர்ந்தா?

இரண்டும்தான். இந்த 'வித்' சரியான ஏமாற்றுக்காரன். தீரன் சின்னமலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடிப்பெருக்கு வந்தால் ஓடாநிலைக்கும் சங்ககிரிக்கும் மாலையோடு போகிற ஊர்க்காரர்கள் நாம். ஒரு பெண் கட்டுரையில் எழுதினாள்: "சின்னமலை ஃபாட் வித் திப்பு சுல்தான்." வரலாறு தெரிந்தவருக்குத் திப்புவின் பக்கம் நின்று போரிட்டார் என்று புரியும். தெரியாத வெளிநாட்டுக்காரருக்குத் திப்புவை எதிர்த்தார் என்று தோன்றும். அடுத்த வரியில் "ஹீ ஃபாட் வித் த பிரிட்டிஷ்" என்று வேறு எழுதியிருந்தாள். இப்போது வெள்ளைக்காரனோடு சேர்ந்து திப்புவை அடித்த கதையாகிவிட்டது. 1805-இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட மனிதருக்கு இந்தக் கதி.

தமிழில் 'திப்புவோடு சேர்ந்து', 'கும்பினிப் படையோடு மோதி' என்று பின்னால் ஒரு சொல் வந்து காப்பாற்றிவிடும். ஆங்கிலத்தில் நாமேதான் தெளிவாக்க வேண்டும். எதிரி என்றால் 'அகெய்ன்ஸ்ட்' போடுங்கள், அல்லது ஒன்றுமே போடாமல் "ஹீ ஃபாட் த பிரிட்டிஷ்" என்று நேராக எழுதுங்கள். கூட்டாளி என்றால் 'அலாங்சைட்'. எதற்காக என்றால் 'ஃபார்'. 'வித்' அண்ணன் தங்கைச் சண்டைக்கு இருக்கட்டும். அங்கே எப்படியும் பக்கம் தெரியும்.

"சண்ட கட்டறான்", "சண்டைக்கு வந்தான்", "வம்புக்கு இழுத்தான்" – இதையெல்லாம் எப்படிச் சொல்ல?

முதலில், 'புட் ஃபைட்', 'மேக் ஃபைட்' இரண்டையும் விட்டுவிடுங்கள். நாம் சண்டை போடுகிறோம், கட்டுகிறோம்; ஆங்கிலத்தில் சண்டையைப் போடவும் முடியாது, கட்டவும் முடியாது. வினையாகவே "வீ ஃபாட்" என்று சொல்லலாம், அல்லது "வீ ஹேட் எ ஃபைட்."

'சண்டைக்கு வந்தான்' என்பதற்கும் 'வம்புக்கு இழுத்தான்' என்பதற்கும் ஒரே விடை: "ஹீ பிக்ட் எ ஃபைட் வித் மீ." பருத்தி எடுக்கிற மாதிரி சண்டையைப் பறிப்பது. 'வம்பு' வாயோடு நின்றால் 'ஃபைட்' இடத்தில் 'குவாரல்' போடலாம். எதிர்த்துப் பேசாதே என்று குழந்தையை அதட்ட "டோன்ட் டாக் பேக்" அல்லது "டோன்ட் ஆர்கியூ வித் மீ."

இந்தக் 'கட்டு' பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சண்டை கட்டு, மல்லுக்கட்டு, சேவல்கட்டு என்று நம் ஆட்கள் மோதலை எல்லாம் கட்டுகிறார்கள். மல்லுக்கட்டுக்கு ஆங்கிலத்தில் நல்ல ஜோடி உண்டு: ஆளோடு என்றால் 'ரெஸ்ஸில்', கணக்கு வழக்கோடு என்றால் 'கிராப்பிள்'. "ஐ கிராப்பிள்ட் வித் த ஜிஎஸ்டி ரிட்டர்ன் டில் மிட்நைட்" என்று ஆடிட்டர் ஆபீஸ் பெண் ஒருத்தி சொன்னாள். அட்சரம் பிசகாத வாக்கியம்.

சேவல்கட்டு என்றதும் ஞாபகம் வந்தது: அதிலிருந்து வந்த சொல் ஏதாவது ஆங்கிலத்தில் உண்டா?

நிறைய. இங்கிலாந்திலும் ஒரு காலத்தில் இது பெரிய பைத்தியம். அங்கே 1835-இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பொங்கல் சமயத்தில் கரூர் மாவட்டம் பூலாம்வலசுப் பக்கம் போய் நின்றவர்களுக்கு இந்தச் சொற்கள் சட்டென்று பிடிபடும்.

சேவலை இறக்கும் குழிக்கு 'பிட்' என்று பெயர். ஒருவனுக்கு எதிராக இன்னொருவனை ஏவிவிடுவதற்கு 'பிட் அகெய்ன்ஸ்ட்' என்று இன்றைக்கும் பேப்பரில் வருகிறது. விமானி உட்காரும் 'காக்பிட்' அந்தக் குழியேதான். சேவல் காலைத் தூக்கி முள்ளால் அடிப்பதற்கு வழங்கிய 'ஸ்பார்' இன்று குத்துச்சண்டைக்காரர்கள் பயிற்சிக்கு மோதுவதற்கும், இரண்டு பேர் நோகாமல் வார்த்தையால் குத்திக்கொள்வதற்கும் ஆகிவந்திருக்கிறது. வாலில் வெள்ளை இறகு இருந்தால் கலப்பு ஜாதி, களத்தில் நிற்காது என்று அங்கே நம்பினார்கள். பயந்து பின்வாங்குவதை 'வெள்ளை இறகு காட்டுதல்' என்று சொல்வது அதிலிருந்து. நம்மூரில் சேவலின் நிறம் பார்த்து நாள் நட்சத்திரம் சொல்கிற பெரியவர்கள் இதைக் கேட்டால், வெள்ளைக்காரனுக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது என்பார்கள்.

வக்கீல் 'ஆர்கியூ' பண்றதும் வீட்டுல பண்றதும் ஒண்ணுதானா?

சொல் ஒன்று, பக்கத்தில் நிற்கும் சின்னச் சொல் வேறு. ஆளோடு என்றால் 'வித்', விஷயத்தைப் பற்றி என்றால் 'அபவுட்' அல்லது 'ஓவர்'. ஒரு தரப்புக்கு ஆதரவாக 'ஃபார்', எதிராக 'அகெய்ன்ஸ்ட்'. வக்கீல் "ஆர்கியூஸ் எ கேஸ்", இடையில் எதுவும் இல்லை. பெயர்ச்சொல்லான 'ஆர்கியுமெண்ட்' வீட்டில் வாக்குவாதம், கோர்ட்டில் வாதம். அதனால் "யுவர் ஆர்கியுமெண்ட் இஸ் குட்" என்று மேனேஜர் சொன்னால் கோபப்படாதீர்கள், பாராட்டுகிறார்.

'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'அபவுட்' வராது. இதை எத்தனை முறை சொன்னாலும் வருகிறது. 'ஆப்போஸ்' என்பதற்குப் பின்னால் 'டு' வராது, அதுவும் வருகிறது.

வேர்ச்சொல்லைப் பார்த்தால் வேடிக்கை. மேடையில் கோட் போட்டுச் செய்யும் 'டிபேட்' அடிப்பது என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. 'பேட்டில்', 'காம்பேட்' இரண்டும் அதற்குப் பங்காளிகள். முரட்டுத்தனமாகத் தெரியும் 'குவாரல்' லத்தீனில் வெறும் முறையீடு, புலம்பல். 'ஆர்கியூ' என்பதற்குத் தெளிவாக்குவது என்று பொருள். எங்கள் கிணற்று அண்ணன் தம்பிக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

சந்தையில பேரம் பேசறது 'ஆர்கியூ' ஆகுமா?

ஆகாது. அதற்கு 'பார்கெய்ன்', இன்னும் கறாராக ஐந்துக்கும் பத்துக்கும் இழுத்தால் 'ஹேகிள்'. கம்பெனி அளவில் 'நெகோஷியேட்'. பையரோடு விலை பேசினால் மூன்றாவதை மட்டும் பயன்படுத்துங்கள். "வீ ஹேகிள்ட் வித் த பையர்" என்பது அவர் கீரைக்காரி, நீங்கள் முறத்தோடு நிற்கிறவர் என்ற மாதிரி.

ஈரோடு கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையில் ஒருமுறை பேரத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தரகரும் வாங்க வந்தவரும் கைகுலுக்குகிற மாதிரி கையைப் பிடித்தார்கள், மேலே துண்டு விழுந்தது. துண்டுக்கு அடியில் விரல்கள் பேசின. எத்தனை விரலைப் பிடித்தால் எத்தனை ஆயிரம் என்பது அவர்களுக்குள் கணக்கு. வாங்குகிறவர் தலையை ஆட்டினார், தரகர் விரலை விடாமல் இறுக்கினார், துண்டு இரண்டு தரம் துடித்தது. சுற்றி நின்றவர்களுக்கு விலை தெரியாது. வாய் திறக்காத இந்த வேலையை 'ஹேகிள்' என்று சொல்ல மனம் வரவில்லை. "தே பார்கெய்ன்ட் அண்டர் எ டவல்" என்றேன் வகுப்பில். சரியாகத்தான் இருக்கிறது.

'ஸ்ட்ரகிள்' என்றால் போராட்டமா, கஷ்டமா?

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு இரண்டு முகம். பெரிய முகம் விடுதலைப் போராட்டம் மாதிரி: 'ஸ்ட்ரகிள் ஃபார்', 'ஸ்ட்ரகிள் அகெய்ன்ஸ்ட்'. சின்ன முகம் திணறுவது: "ஐ ஸ்ட்ரகிள் வித் ஸ்பெல்லிங்", "ஷீ ஸ்ட்ரகிள்ட் டு ஓப்பன் த டோர்." 'ஸ்ட்ரகிள் இன் இங்கிலீஷ்' என்பதைவிட 'வித்' பழக்கமாக வரும்.

நம் 'போராட்டம்' எல்லாவற்றுக்கும் 'ஸ்ட்ரகிள்' போட்டுவிடக் கூடாது. ஒரு நாள் கடையடைப்பு, மனு, கொடி என்றால் 'ப்ரொட்டெஸ்ட்'. வேலைநிறுத்தம் என்றால் 'ஸ்ட்ரைக்'. 1972-இல் விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டணத்துக்காக மாட்டுவண்டிகளைக் கோவைக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்களே, அந்த நாள் 'ப்ரொட்டெஸ்ட்'. அதற்கு முன்னும் பின்னும் வருஷக்கணக்கில் நடந்தது 'ஸ்ட்ரகிள்'. அத்திக்கடவு–அவிநாசித் தண்ணீர்த் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. அதைக் கேட்டுக் கேட்டு ஒரு தலைமுறையே நரைத்துவிட்டது. "தே ஃபாட் ஃபார் த வாட்டர்" என்றாலும் சரி, "ஸ்ட்ரகிள்ட்" என்றாலும் சரி. முன்னதில் வீரம் தெரியும், பின்னதில் நாள்கணக்கு தெரியும்.

இண்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. "மை ஃபாதர் ஸ்ட்ரகிள்ட் எ லாட்" என்று பத்தில் எட்டுப்பேர் சொல்கிறார்கள், கேட்கிறவர் காதில் அது ஒட்டுவதே இல்லை. ஒரு பெண்ணிடம், அப்பா என்ன செய்தார் என்று கேட்டேன். பகலில் தறி, ராத்திரி வாட்ச்மேன், தீபாவளிக்கு மட்டும் லீவு என்றாள். அதை அப்படியே சொல்லச் சொன்னேன். 'ஸ்ட்ரகிள்' என்ற சொல்லே தேவைப்படவில்லை.

ரெஸ்ஸில், டஸ்ஸில், ஸ்கஃபிள், ஸ்ட்ரகிள்: எல்லாம் 'ல்'-லிலேயே முடியுதே?

நல்ல காது உங்களுக்கு. இந்த ஈறு பல சொற்களில், ஒரு செயல் விட்டுவிட்டுத் திரும்பத் திரும்ப நடப்பதைக் காட்டும். 'ரெஸ்ட்' என்றால் ஒரே வெட்டாகப் பறிப்பது (ஓய்வு அல்ல, முன்னால் டபிள்யூ உள்ளது). 'ரெஸ்ஸில்' என்றால் பிடித்து, நழுவி, மறுபடி பிடிப்பது. எல்லாச் சொல்லும் இந்த வழியில் வந்ததல்ல, ஆனாலும் காதுக்கு அந்த முட்டிமோதல் கேட்கிறது. 'ரெஸ்ஸில்' எழுத்தில் டபிள்யூவும் டியும் இருக்கும், வாயில் இரண்டும் வராது.

இறந்தகாலத்துல குழம்புதுங்க.

'ஃபைட்–ஃபாட்–ஃபாட்'. வாங்குவதற்குச் சொல்லும் 'பை–பாட்' மாதிரியே. 'ஃபைட்டட்' என்று ஒரு சொல் கிடையாது. நடுவில் ஒலிக்காமல் கிடக்கும் ஜி, எச் ஒரு காலத்தில் ஒலித்தது. 'எஃகு' என்னும்போது தொண்டையில் உரசுகிறதே, கிட்டத்தட்ட அந்த ஓசை. ஒலி போய்விட்டது, எழுத்து தங்கிவிட்டது. விடாமல் முயல்வதற்கு 'ஸ்ட்ரைவ்–ஸ்ட்ரோவ்–ஸ்ட்ரிவன்'. 'குவாரல்' இறந்தகாலத்தில் பிரிட்டிஷ்காரர் இரண்டு எல் போடுவார், அமெரிக்கர் ஒன்று. பையர் எந்த நாடோ அப்படி எழுதுங்கள்.

'கன்டெஸ்ட்' மட்டும் காதால் பிரிக்க வேண்டும்: போட்டி என்ற பெயர்ச்சொல்லுக்கு முன்பாதியில் அழுத்தம், எதிர்த்து நிற்கும் வினைக்குப் பின்பாதியில். தேர்தலில் நிற்பதற்கு நாம் 'கன்டெஸ்ட்' என்போம், இங்கிலாந்தில் 'ஸ்டாண்ட்', அமெரிக்காவில் 'ரன்'. நிற்பதும் ஓடுவதும் ஒன்றாகும் இடம் தேர்தல்தான்.

சண்டை முடிஞ்சு ராசியாயிட்டா என்ன சொல்றது?

'மேக் அப்'. மேலோட்டமாக ஒட்டுப்போட்டது என்றால் 'பேட்ச் அப்'. இன்னும் பேச்சு இல்லை என்றால் "தே ஆர் நாட் ஆன் ஸ்பீக்கிங் டெர்ம்ஸ்." சண்டை மாதிரி தெரிந்து சண்டையே இல்லாத கோயமுத்தூர் குசும்புக்கு 'பேண்டர்'; அதற்கு ராசியாக வேண்டிய அவசியம் இல்லை.

கிணற்றுக்கார அண்ணன் தம்பி என்ன ஆனார்கள் என்று ஒவ்வொரு பேட்ச்சும் கேட்கிறது. தம்பி மகள் கல்யாணத்தில் அண்ணன்தான் முன்னால் நின்றார். விடையை ஆங்கிலத்தில் எழுதிப் போடுவேன்: "த பிரதர்ஸ் ஹேவ் மேட் அப். த மோட்டார் இஸ் ஸ்டில் இன் டிஸ்பியூட்."